குரே யமாட்டோ மியூசியம்: வாசல்ல இருக்குற நங்கூரத்துக்கே அஞ்சு ஸ்டார்

ஹிரோஷிமா வரைக்கும் வந்துட்டு குரே போகாம திரும்பிடாதீங்க, ட்ரெயின்ல முக்கால் மணி நேரம் கிட்டதான், ஸ்டேஷன்ல இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா மியூசியம் வந்துரும். ஆனா வந்ததும் எல்லாரும் டிக்கெட் கவுண்டருக்குத்தான் ஓடுறாங்க, உள்ள இருக்குற 26.3 மீட்டர் யமாட்டோவ பாக்க (ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பானோட பெரிய போர்க்கப்பல் அது). சூப்பராதான் இருக்கும், இல்லேன்னு சொல்லல, ஆனா அது பத்துல ஒரு பங்கு சைஸ்ல செஞ்ச மாடல். வெளிய இருக்குறதுதான் அசல் இரும்பு, அதுக்கு டிக்கெட்டும் வேணாம்.

முட்சுங்குற போர்க்கப்பலோட நங்கூரம், சுக்கான், ப்ரொப்பல்லர், 41 செ.மீ பீரங்கிக் குழாய் எல்லாம் வெளியவே வச்சிருக்காங்க. செல்ஃபி கூட்டம் பீரங்கிகிட்ட, நீங்க நங்கூரத்துகிட்ட போங்க. படத்துல வரையிற மாதிரி மேல குறுக்குக் கட்டை இருக்காது. அது இருந்தா சங்கிலிய இழுக்குறப்போ கப்பல் முன்பக்க ஓட்டைக்குள்ள தண்டு ஏறாது, அதனால அதையே தூக்கிட்டு கீழ இருக்குற ரெண்டு கொக்கியும் சேர்ந்து மடங்குற மாதிரி செஞ்சாங்க, எந்தப் பக்கமா விழுந்தாலும் இழுவை வந்ததும் மண்ணுல குத்திக்கும்.

இவ்ளோ பெரிய கப்பல் சண்டையில போயிருந்தா கூட பரவால்லன்னு தோணும். 1943 ஜூன் 8 மதியம் 12:13க்கு ஹஷிராஜிமா தீவு பக்கத்துல சும்மா நின்னுட்டு இருந்தப்போ பின்பக்கம் வெடிமருந்து ரூம் வெடிச்சு ரெண்டா உடைஞ்சிருச்சு, 1,474 பேர்ல பொழைச்சது 353 பேர்தான். ஏன் வெடிச்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு முடிவு இல்ல. விஷயம் வெளிய தெரியக் கூடாதுன்னு பொழைச்சவங்கள்ல நிறைய பேர தூரத்துத் தீவுகளுக்கு அனுப்பிட்டாங்க, என்ன மனுஷங்களோ.

கடல்ல மூழ்குன முட்சுவ 1970ல இருந்துதான் பெருசா மேல தூக்க ஆரம்பிச்சாங்க. அந்த இரும்புக்கு செம கிராக்கி, பழைய இரும்பு விலைக்காக இல்ல. போருக்கு அப்புறம் உருக்குன இரும்புல அணுகுண்டு சோதனையோட தூசி, இரும்பு உருக்குற உலை எவ்ளோ தேயுதுன்னு பாக்க அதுக்குள்ள வச்ச கதிரியக்க கோபால்ட்னு கொஞ்சம் கதிரியக்கம் கலந்துரும். முட்சு அதுக்கெல்லாம் முன்னாடி செஞ்சது, அதனால ரொம்ப நுணுக்கமா கதிரியக்கம் அளக்குற மெஷினுக்கு சுத்தி வைக்குற கவசமா அத வெட்டி எடுத்துட்டுப் போனாங்க. நங்கூரத்த பாக்குறப்போ எனக்கு இதான் ஓடிட்டே இருந்துச்சு.

வெயில் காலத்துல மதியம் போகாதீங்க, நிழல் தேடியே டயர்ட் ஆயிருவீங்க. பக்கத்துலயே அகிஷியோன்னு நிஜ நீர்மூழ்கிக் கப்பல தரையில ஏத்தி வச்சிருக்காங்க, உள்ளயே போகலாம், அதுவும் ஃப்ரீ. இது ரெண்டையும் முடிச்சுட்டு நேரம் இருந்தா டிக்கெட் வாங்கிக்கோங்க.