ஹைடனின் மரத்தரை: எஸ்டெர்ஹாசி அரண்மனை, ஐசன்ஸ்டாட்

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருடமாக ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல் பகுதி) பாடுகிறேன். 18ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் 'கிரியேஷன்' (உலகம் படைக்கப்பட்டதைப் பாடும் இசைப்படைப்பு) கோரஸ் பழகும்போதெல்லாம், இந்த மனுஷன் எப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்திருப்பார் என்று யோசிப்பேன். வியன்னாவில் மகள் வீட்டுக்குப் போனபோது அந்த இடத்தையே, ஐசன்ஸ்டாட் ஊரில் எஸ்டெர்ஹாசி இளவரசர் குடும்பத்தின் அரண்மனையையே, பார்த்துவிட்டேன். பேருந்தில் ஒரு மணி நேரம்போல ஆனது.

பழைய கோட்டையை 17ஆம் நூற்றாண்டில் மஞ்சள் அரண்மனையாக மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். இளவரசியின் அறைகளும், நிலவறையில் இருக்கும் ஒயின் அருங்காட்சியகமும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் என் மனசெல்லாம் ஹைடன் அரங்கத்தில்தான்.

கூரை முழுக்க ஓவியம். கல் தரையின் மேல் மரப்பலகை போடச் சொன்னதே ஹைடன்தான் என்றார் வழிகாட்டி. சொல்லிவிட்டு ஒரே ஒரு தடவை கையைத் தட்டினார். சத்தம் அறை முழுக்கப் போய், கொஞ்சமும் குழம்பாமல் அடங்கியது. எங்கள் ஆலயத்தில் ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிவிடும். அதனால் எனக்கு இது பெரிய விஷயம். பாடுகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஓர் அறைக்காகவே போகலாம்.

ஹைடனுக்கான கண்காட்சியை அவசரமில்லாமல் பாருங்கள். 1761இல் இந்தக் குடும்பத்திடம் இசைக்கலைஞராக வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தத்தில், வெள்ளைக் காலுறையும் பவுடர் பூசிய தலையுமாக வர வேண்டும், எழுதிய இசையை வெளியே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. அத்தனை கட்டுப்பாட்டுக்குள் இருந்துகொண்டு இவ்வளவு சந்தோஷமான இசையை எழுதியிருக்கிறாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம், அரண்மனையோடு திரும்பிவிடாதீர்கள். மேட்டில் கொஞ்சம் நடந்தால் பெர்க்கிர்ஹே தேவாலயம். பேத்தோவனின் சி மேஜர் மாஸ் (திருப்பலிக்கான இசை) 1807இல் முதன்முதலாகப் பாடப்பட்டது அங்கேதான். ஹைடனின் கல்லறையும் அங்கேயே. 1809இல் அவர் வியன்னாவில் இறந்ததும் தலையைத் திருடிவிட்டார்கள். 1954இல்தான் அது உடலோடு சேர்ந்தது. அதுவரை அதன் இடத்தில் வைத்திருந்த வேறு யாருடையதோ மண்டையோட்டையும் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

கச்சேரி இருக்கும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். எனக்குக் கைத்தட்டல் மட்டும்தான் கிடைத்தது. அடுத்த பயணத்துக்கு மகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.