லெதரா, ஜீனியாவா? முதல் மென்பவளம் எதுவாக இருக்கட்டும்?

கடல்நீர்த் தொட்டியில் முதன்முதலாக மென்பவளம் வைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தயங்குவார்கள்: காளான் வடிவ லெதர் கோரல், துடிக்கும் ஜீனியா. நானும் தயங்கி, லெதரைத்தான் எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 24 முதல் 26 டிகிரி, மிதமான வெளிச்சம். உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி அந்த வெளிச்சத்தில் செய்து தருவதே முக்கிய உணவு, தனியாக ஊட்டத் தேவையில்லை. இரண்டும் கல் எலும்பு கட்டாதவை என்பதால் கால்சியம் தினமும் ஊற்ற வேண்டியதில்லை, ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே போதும். மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் நல்லதுதான். அடியோடு பூஜ்யமாவதுதான் ஆகாது.

பார்வைக்கு ஜீனியாவே அழகு, அதில் சந்தேகமில்லை. ஒவ்வொரு பாலிப்பும், அதாவது பவளத்தின் மேல் பூப்போல விரியும் சிறு உயிரும், விரல்களை மடக்கி மடக்கி விரிப்பதைப் பார்த்தால் வாங்காமல் வர மனம் வராது. ஆனால் வாங்கும் நாளை விட்டுவிட்டு, ஒரு வருஷம் கழித்து அந்தப் பாறை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். என் கணக்கில் அங்கேதான் முடிவே இருக்கிறது.

ஜீனியா பிடித்துக்கொண்டால் நிற்காது. அடித்தண்டு பிளந்து இரண்டாகும், பக்கத்துப் பாறைக்கு ஊர்ந்து ஏறும், பிய்ந்த துண்டு நீரோட்டத்தில் போய் வேறு இடுக்கில் ஒட்டும். சுரண்டி எடுத்தாலும் பாறைத் துளைக்குள் மிஞ்சிய துளி சதையிலிருந்து மறுபடி முளைக்கும். ஒட்டிக் கட்டிய பாறை அடுக்கு என்றால் அதைக் கழற்றி வெளியே எடுக்கவும் வழியில்லை. கிரீன் ஸ்டார் பாலிப் என்ற மென்பவளமும் இதே ரகம்தான். பச்சையாகப் படர்ந்து பாறையையே மூடிவிடும், கண்ணாடியில் ஏறினால் மட்டும் உரித்து எடுக்கலாம்.

லெதர் வைத்த இடத்தில் நிற்கும். ஒரே தண்டு, மேலே ஒரு குடை, அவ்வளவுதான். நாளடைவில் குடை ஓரடிக்கு மேலும் விரிந்து கீழே இருப்பவற்றுக்கு நிழல் போடும் என்பது உண்மை. அப்போது கூரான பிளேடால் குடையை வெட்டிவிடலாம். தண்டிலிருந்து புதுக் குடை வரும். வெட்டிய துண்டு வழவழவென்று இருப்பதால் பசை நிற்காது, சிறு கல்லில் வைத்து ரப்பர் பேண்டைத் தளர்வாகப் போட வேண்டும். வெட்டிய அன்று தண்ணீரில் கோழை இறங்கும், அதனால் தண்ணீர் மாற்றி, அழுக்கை உறிஞ்சும் வடிகட்டிக் கரியான கார்பனைப் புதிதாகப் போடுவது அவசியம்.

புதிதாக வைத்தவர்களைப் பயமுறுத்துவது இதன் தோலுரிப்பு. திடீரென்று பாலிப்கள் எல்லாம் உள்ளே போய், குடை சுருங்கி, மேலே மெழுகு பூசிய மாதிரி பளபளக்கும். சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் அப்படியே இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து இடம் மாற்றாதீர்கள். தொட்டிக்குள் தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் பம்பின் நீரோட்டம் குடைமேல் படும்படி இருந்தால் அந்தச் சவ்வு ஓரத்திலிருந்து கிளம்பி மெல்லிய தாளாகப் பறந்து போகும், அப்புறம் பாலிப்கள் முன்னைவிட நீளமாக வெளியே வரும். நீரோட்டம் போதாத மூலையில் வைத்தால் சவ்வு தங்கி, கீழே சதை அழுகும்.

லெதரின் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அது தண்ணீரில் விடும் ரசாயனம் பக்கத்திலிருக்கும் கல் பவளங்களை வாட்டும். கார்பனைத் தொடர்ந்து மாற்றினால் அடங்கும் என்கிறார்கள். என் தொட்டியில் கல் பவளம் அதிகம் இல்லை, அதனால் நெருக்கி வைத்தால் எப்படி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

ஜீனியாதான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், மற்றப் பாறைகளைத் தொடாமல் மணலுக்கு நடுவில் தனிக்கல்லில் வையுங்கள். செழித்து நின்ற கூட்டமே திடீரென்று உருகிப்போவதும் உண்டு, அதனால் சின்னத் தொட்டியில் நிறைய வளரவிட வேண்டாம். லெதர் என்றால் வாங்கும்போது குடையைவிட அடித்தண்டைப் பாருங்கள்: இறுக்கமாக இருக்க வேண்டும், பழுப்பேறிக் குழைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.