கார் ஏசி கம்ப்ரஸர்: ஒரே வண்டிக்குக் கேட்ட நாலு விலை

எங்கள் கார் 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். போன மார்ச்சில் ஏசி போட்டதும் பானெட்டுக்குள் கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்தது. காற்று வருகிறது, குளிர் இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் வெயில் தெரிந்தவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவான ஊர்ப்பக்கம் இது. மாதம் இரண்டு தடவை அம்மாவைக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அவருக்கு வயது 74. மழை வரட்டும் என்று தள்ளிப்போட மனசு வரவில்லை.

கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை மாற்ற வேண்டும் என்றார்கள். விசாரித்ததில் நாலு விலை கிடைத்தது. பாலக்காட்டில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் 28,400 ரூபாய். கோயம்புத்தூரில் ஒரு தனி ஏசி கடையில் புது கம்ப்ரஸர் போட 18,500. அதே கடையில் ரீகண்டிஷன், அதாவது பழையதைப் பிரித்துச் சரிசெய்தது என்றால் 11,000. உக்கடத்தில் பழைய ஸ்பேர் விற்கும் இடத்தில் கம்ப்ரஸர் மட்டும் 4,000. ஒரே வண்டி, ஒரே வேலை, ஆனால் விலை ஏழு மடங்கு வரை போகிறது.

இந்த நாலையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுதான் வரும். சர்வீஸ் சென்டர் விலையில் ட்ரையர் (கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டப்பா), ஆயில், கேஸ், ஓ-ரிங், கூலி, கூலிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தி. ஏசி கடை சொன்னதில் ட்ரையரும் கேஸும் உண்டு, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் கிடையாது. உக்கடத்து 4,000 வெறும் இரும்புக்கான விலை. அதைக் கழற்றி மாட்ட, வேக்கம் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க, கேஸ் நிரப்ப, ட்ரையர் வாங்க இன்னொரு 5,000 தனி. ஆக, எங்கே கேட்டாலும் "எதெல்லாம் சேர்த்து?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: போனது கம்ப்ரஸர்தானா? பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் என் சித்தப்பா மகனுக்கு "மொத்தமா மாத்தணும்" என்று 22,000 சொன்னார்கள். எங்கள் ஊர் மெக்கானிக் பார்த்துவிட்டு, "அண்ணா, உள்ள ஒண்ணும் ஆகலீங்க, கிளட்ச் பேரிங்தான் கத்துது" என்றார். பேரிங், காயில், கூலி எல்லாம் சேர்ந்து 2,800-இல் முடிந்தது. கம்ப்ரஸரின் முன்னால் இருக்கிற காந்த கிளட்ச்தான் அதை எஞ்சின் பெல்ட்டோடு சேர்க்கிறது. அந்தக் காந்தத்தின் கம்பிச்சுருளான காயில் எரிந்தாலும், ரிலே போனாலும், கிளட்ச் தட்டுக்கு நடுவே இடைவெளி அதிகமானாலும் ஏசி வேலை செய்யாது. அந்த இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்க வேண்டும். கேஸ் குறைந்தாலும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓட விடாது. ஏசியை அணைத்த பிறகும் சத்தம் தொடர்ந்தால் பேரிங்கின் மேல் சந்தேகப்படலாம். போட்டால் மட்டும் சத்தம் என்றால் உள்ளே பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டியில் இரண்டாவது வகை. கோயம்புத்தூர் கடையில் பைப்பைக் கழற்றி, உள்ளேயிருந்த ஆயிலை ஒரு வெள்ளை வேட்டித் துணியில் சொட்டவிட்டுக் காட்டினார்கள். தேன் நிறத்தில்கூட இல்லை, சாம்பல் கலந்த கறுப்பு. துணியை வெயிலில் பிடித்தபோது வெள்ளிப் பொடி மாதிரி மின்னியது. கம்ப்ரஸரின் உட்பாகம் தேய்ந்து உதிர்ந்த அலுமினியத் தூள் அது. இந்தத் தூள் கம்ப்ரஸரோடு நிற்காமல் கண்டென்சர், கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு வரை போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போதைய கண்டென்சர்களின் குழாய்கள் அவ்வளவு மெல்லியவை. ஃப்ளஷ் செய்து அலசினாலும் தூள் முழுசாக வெளியே வராது. புது கம்ப்ரஸரை மாட்டிவிட்டுப் பழைய கண்டென்சரை விட்டால், அந்தத் தூளே புதியதையும் தின்றுவிடும். ஆறு மாதத்தில் மறுபடி போச்சு என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். நான் கண்டென்சரையும் மாற்றச் சொன்னேன். 4,800 கூடியது.

இனி ஒவ்வொன்றாக. பழைய ஸ்பேரை முழுசாக ஒதுக்க மாட்டேன். வண்டியை இந்த வருஷமே விற்கப் போகிறீர்கள், கையில் பணமும் இல்லை என்றால் அது ஒரு வழி. ஆனால் பைப் சேரும் துளைகளில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸர் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மாதக்கணக்கில் வாயைத் திறந்து கிடந்ததை வாங்கக் கூடாது. முன் தட்டைக் கையால் சுற்றும்போது எங்கும் பிடிக்காமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். லேபிளில் மாடல் எண், கேஸ் வகை, புல்லியில் எத்தனை பள்ளம் என்பதெல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

ரீகண்டிஷன் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். சீல் மட்டும் கசிந்த உங்கள் சொந்தக் கம்ப்ரஸரையே கண்ணெதிரே பிரித்து, சீலும் பேரிங்கும் மாற்றித் தருகிறார்கள் என்றால் அது நல்ல வேலை, தாராளமாகச் செய்யலாம். அலமாரியிலிருந்து பளபளவென்று பெயின்ட் அடித்த ஒன்றை எடுத்து நீட்டினால், உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எனக்குச் சொன்ன வாரன்டி மூன்று மாதம். புதியதற்கு ஒரு வருஷம். 7,500 ரூபாய் வித்தியாசத்துக்கு நான் அந்த ஒரு வருஷத்தை வாங்கிக்கொண்டேன்.

சர்வீஸ் சென்டருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சில வண்டிகளுக்கு நியாயம். கிளட்ச்சே இல்லாமல், ஒரு கன்ட்ரோல் வால்வே வேலையைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரஸர் என்றால், அந்த வால்வைக் கம்ப்யூட்டரில் சோதிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் தயங்காமல் அங்கேதான் போக வேண்டும். அந்தக் கம்ப்ரஸர் உயர் மின்அழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி ஆயில். சாதாரண ஆயில் கொஞ்சம் கலந்தாலும் ஆபத்து. எங்களுடையது போன்ற, கிளட்ச் உள்ள பெல்ட் வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை. சுப்ரோஸ், சாண்டன் மாதிரி கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிறவர்களின் பெட்டிப் பீஸ், பில்லோடு வெளியிலும் கிடைக்கிறது.

தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் விலை குறைவு, கடைகள் அதிகம். ஆனால் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி, மறுநாள் மறுபடி போக வேண்டும். வாரன்டிக்கும் மாநில எல்லை தாண்டி அங்கேதான் போயாக வேண்டும். எங்கள் ஊர் மெக்கானிக்கிடமே கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "மாட்டிருவேங்க, ஆனா எங்கிட்ட நல்ல வேக்கம் மெஷின் இல்ல. ஈரம் நின்னுச்சுன்னா உங்க காசு போயிரும்" என்றார். அந்த நேர்மைக்காகவே மற்ற எல்லா வேலைக்கும் இன்றும் அவரிடம்தான் போகிறேன்.

கோயம்புத்தூர் கடையில் அரை மணி நேரத்துக்கு மேல் வேக்கம் போட்டு, மீட்டர் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்தார்கள். கேஸை மீட்டரைப் பார்த்து உத்தேசமாக ஏற்றாமல், பானெட் ஸ்டிக்கரில் போட்டிருந்த கிராம் கணக்குக்கு எடை போட்டு நிரப்பினார்கள். இதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கேஸ் கூடினாலும் குளிர் குறையும், கம்ப்ரஸருக்கும் சுமை. ட்ரையர் மாற்றியதைப் பில்லில் தனி வரியாக எழுதி வாங்குங்கள்; அது இல்லையென்றால் வாரன்டி கேட்கும்போது கை விரித்துவிடுவார்கள்.

மொத்தம் 23,300 ஆனது. கழற்றிய பழைய கம்ப்ரஸரையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். வேலந்தாவளம் தாண்டும்போது மத்தியானம் இரண்டு மணி. பின்சீட்டில் அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் கொறச்சு வைப்பா" என்றார்.