ரெவாக்ஸ் பி77-ஆ, டியாக் ஏ-3340எஸ்-ஆ? வீட்டு ஸ்டுடியோவுக்கு ஒரு ஸ்பூல் டேப்

பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் தேடியபோது கடைசியில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சின: 1977-இல் வந்த சுவிட்சர்லாந்தின் ரெவாக்ஸ் பி77, ஜப்பானின் டியாக் ஏ-3340எஸ். நான் வாங்கியது ரெவாக்ஸ். அதனால் என் மனம் அந்தப் பக்கம்தான் சாயும்.

இரண்டுமே கால் அங்குல டேப், பத்தரை அங்குல ஸ்பூல், மூன்று மோட்டார். ஒலியில் எதையும் குறை சொல்ல முடியாது. டியாக்கின் பலம் நான்கு டிராக், அதாவது டேப்பில் தனித்தனியாகப் பதியக்கூடிய நான்கு தடங்கள். பதிந்ததை, டேப்பில் ஒலியைப் பதியும் முனையான ரெக்கார்ட் ஹெட்டிலேயே கேட்டுக்கொண்டு அடுத்த டிராக்கைப் பதியலாம், தாளம் பிசகாது. டேப்பிலேயே அடுக்கடுக்காகப் பாட்டைக் கட்ட நினைப்பவர் தயங்காமல் டியாக்கை வாங்கலாம். நான் கம்ப்யூட்டரில் பதிந்து, முடிந்த மிக்ஸை மட்டும் டேப்புக்கு அனுப்புகிறேன். எனக்கு ஸ்டீரியோ போதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு, அதிலும் கேப்ஸ்டன் மோட்டார். கேப்ஸ்டன் என்பது டேப்பைச் சீரான வேகத்தில் இழுக்கும் தண்டு. டியாக்கில் அதன் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்து ஓடுகிறது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு அமைத்த மெஷினை நம் 50 ஹெர்ட்ஸில் அப்படியே போட்டால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும். வேறு மெஷினில் நாலு கட்டையில் பதிந்த டேப் இதில் இரண்டு கட்டையில் பாடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், இதைச் சரிசெய்யாது. மோட்டாரின் புல்லியை மாற்ற வேண்டும். மோட்டாருக்கும் கேப்ஸ்டனுக்கும் நடுவில் பெல்ட் வேறு. பி77-இல் மோட்டாரின் தண்டே கேப்ஸ்டன். வேகத்தை அளந்து தானே திருத்தும் சர்வோ சர்க்யூட் பார்த்துக்கொள்வதால் 50, 60 என்ற கவலை இல்லை. பின்பக்கம் வோல்டேஜைத் திருப்பி வைத்தால் போதும்.

ரெவாக்ஸிலும் செலவு உண்டு. உள்ளே தேன் நிறத்தில் கண்ணாடி போன்ற ரீஃபா என்ற கம்பெனியின் கெப்பாசிட்டர்கள் இருக்கும். மேலே மயிரிழை விரிசல் தெரிந்தால் பிளக்கைச் சொருகவே வேண்டாம், புகைந்துவிடும். அப்புறம் ஃப்ராக்கோ கம்பெனியின் பழைய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிடுங்கள். இதெல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற சாதாரணச் சரக்கு. ஆடியோ போர்டுகள் கழற்றி மாட்டும் வகை என்பதால் மெக்கானிக்குக்கும் வேலை சுலபம். டியாக்கை ஒரு நண்பரிடம் கொஞ்ச நாள் பார்த்ததோடு சரி. அது நீண்ட நாள் எப்படி உழைக்கும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது.

எதை வாங்கினாலும் ஹெட்டின் கிட்டப் படம் கேளுங்கள். டேப் ஓடிய இடம் அகலப் பட்டையாகத் தேய்ந்து, நேரில் தடவும்போது நகத்துக்கு விளிம்பு தட்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பி77-இலும் எல்லாம் ஒன்றல்ல. ஸ்டுடியோவுக்கு ஏற்றது அரை டிராக் (ஒவ்வொரு தடமும் டேப் அகலத்தில் ஏறக்குறைய பாதி) ஹெச்எஸ் எனப்படும் அதிவேக வகை, அதில்தான் நொடிக்கு 15 அங்குல வேகம் உண்டு. அந்த வேகத்தில் 2,500 அடி ஸ்பூல் 33 நிமிடத்தில் தீர்ந்துவிடும். புது டேப் விலை அதிகம் என்பதால் ஒத்திகைக்கெல்லாம் நான் ஏழரை அங்குல வேகத்திலேயே ஓட்டுகிறேன்.