சீ.வி. எதில் செய்வது: கடையிலா, கன்வாவிலா, வேர்ட்டிலா?

கணக்குப் பக்க வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் சீ.வி.யை, அதாவது சுயவிபரக் கோவையை, மூன்று விதமாகவும் செய்து பார்த்தேன். முதலில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கொமினிகேசன் கடையில் அடித்து வாங்கினேன். பிறகு போனில் கன்வா என்ற வடிவமைப்புச் செயலி. கடைசியில் வேர்ட்டில் நானே எழுதினேன். இன்றைக்கும் வைத்திருப்பது அதைத்தான், கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதைத்தான். அழகையோ செலவையோ வைத்து எடுத்த முடிவல்ல இது. எல்லாம் திருத்தம் என்ற ஒரே விடயத்தால் வந்தது. அதைக் கீழே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்றை முதலில் ஒதுக்கிவிடுவோம். வர்த்தமானியில் வரும் அரச வேலைகளுக்கு இந்த அலசல் தேவையில்லை. அங்கே பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தின் மாதிரியை அவர்களே தருவார்கள். அதே ஒழுங்கில் தயாரித்து, கடித உறையின் மேல் இடது மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியதுதான். தனியார் கம்பனி, வங்கி, லீசிங் நிறுவனம், என்.ஜி.ஓ. இவைதான் இங்கே பேச்சு. இரண்டு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும், எழுத்துப்பிழை கூடாது, மின்னஞ்சல் முகவரி விளையாட்டுப் பெயரில் இருக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை.

கடையில் உள்ள நன்மை வேகம். கையால் எழுதிய ஒரு தாளையும் சான்றிதழ்களையும் கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் அடித்து, பிரின்ட் எடுத்து, போட்டோக் கொப்பியும் போட்டுத் தந்துவிடுவார்கள். கம்பியூட்டர் தொட்டுப் பழகாத ஒருவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அவர்களிடம் இருப்பது ஒரே அச்சு. முதல் பக்கத்தில் முழுப்பெயர், தகப்பன் பெயர், சமயம், கிராம சேவகர் பிரிவு, விவாக நிலை, அடையாள அட்டை இலக்கம். அதற்குப் பிறகு சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களும் பெறுபேறுகளும் பெரிய அட்டவணையாக. கடைசியில் "மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையானவை" என்று கையொப்பக் கோடு. ஆளைக் கூப்பிடுவதா இல்லையா என்று முடிவெடுக்கிறவருக்கு வேண்டிய செய்தி, அதாவது என்ன வேலை செய்திருக்கிறீர்கள் என்பது, இரண்டாம் பக்கத்தின் அடியில் போய் நிற்கும்.

தமிழில் சீ.வி. கேட்கும் இடங்களுக்கு அனுப்புவதென்றால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்முடைய கடைகளில் இன்னமும் பாமினி எழுத்துருவில் அடிக்கிற பழக்கம் உண்டு. அது எந்தக் கம்பியூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோட் அல்ல. அந்தக் கோப்பை வேர்ட்டாகவே அனுப்பினீர்கள் என்றால், பாமினி இல்லாத கம்பியூட்டரில் "க" இருந்த இடத்தில் எஃப் என்ற ஆங்கில எழுத்து நிற்கும், "ம" இருந்த இடத்தில் கே நிற்கும். முழுப்பக்கமும் அப்படித்தான். பெறுகிறவர் அதை வாசிக்கவே மாட்டார். கடையில் அடிப்பதென்றால் யுனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், கையில் பி.டி.எப். ஒன்றும் வாங்குங்கள்.

கன்வாவுக்கு வருவோம். முதல் பார்வையில் மயக்குவது இதுதான். இடப்பக்கம் நிறப் பட்டை, வட்டத்துக்குள் படம், திறமைக்கு நேரே புள்ளிகள். போனிலேயே முடிக்கலாம், காசும் இல்லை. என் மச்சாள் வடிவமைப்புப் படித்தவள், அவள் கன்வாவில் செய்ததைப் பார்த்தால் அவளுடைய கைத்திறன் முதல் பக்கத்திலேயே தெரியும். அப்படியான வேலைகளுக்கு அது பொருத்தம் என்றே நினைக்கிறேன். நான் அந்தத் துறையில் வேலை தேடியவள் இல்லை என்பதால் அவளுடைய அனுபவத்தை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

மற்ற வேலைகளுக்கு எனக்கு இரண்டு மனக்குறை. ஒன்று அந்தப் புள்ளிகள். எக்செலுக்கு ஐந்தில் நான்கு என்றால் என்ன பொருள்? யார் போட்ட புள்ளி? அதற்குப் பதிலாக "எக்செலில் பிவட் டேபிள் போட்டு மாத விற்பனையைக் கிளைவாரியாகப் பிரித்துக் கொடுத்தேன்" என்று ஒரு வரி எழுதினால் வாசிக்கிறவருக்கு உங்கள் அளவு உடனே புரியும். மற்றது, மென்பொருள் வாசிக்கும் விதம். விண்ணப்பம் குவியும் கம்பனிகள் சில, சீ.வி.களை முதலில் ஒரு மென்பொருளுக்குள் போட்டுத்தான் வடிக்கின்றன. இரண்டு நிரலாகப் பிரித்த பக்கத்தை அது குறுக்காக வாசித்தால், இடப்பக்கத்துப் போன் நம்பரும் வலப்பக்கத்துப் பட்டமும் ஒரே வரியாகிவிடும். சோதிக்க இலகுவான வழி உண்டு. பி.டி.எப்.பைத் திறந்து எல்லாவற்றையும் தெரிவுசெய்து நோட்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். ஒழுங்கு குழம்பி வந்தால் அங்கேயும் குழம்ப இடமுண்டு. ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் சீ.வி. எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. கன்வாவில் தரவிறக்கும்போது பி.டி.எப்.பைத் தட்டையாக்கும் தெரிவைப் போட்டாலும், படமாகத் தரவிறக்கினாலும் இதுதான் நடக்கும்.

சரி, திருத்தம்.

சீ.வி.யை ஒரு தடவை செய்து எல்லா இடத்துக்கும் அனுப்பலாம் என்ற எண்ணத்தில்தான் கடையும் கன்வாவும் போதும் என்று தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதைத் தொட வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். உயர்தரத்தில் வணிகப் பிரிவு, பிறகு எச்.என்.டி.ஏ. என்ற கணக்கியல் உயர் டிப்ளோமா முடித்தவர் ஒருவர். சுன்னாகத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதியிருக்கிறார், ஊர்ச் சனசமூக நிலையத்தில் பொருளாளராக இருந்திருக்கிறார், மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வைத்திருக்கிறார், சிங்களம் பேசுவார். நகரத்தில் ஒரு லீசிங் நிறுவனம் கணக்கு உதவியாளர் கேட்கிறது. கிளிநொச்சியில் ஒரு என்.ஜி.ஓ. வெளிக்கள உத்தியோகத்தர் கேட்கிறது. ஆள் ஒருவர்தான், ஆனால் ஒரே சீ.வி.யை இரண்டுக்கும் அனுப்பக்கூடாது.

லீசிங் நிறுவனத்துக்கு முதல் அரைப் பக்கத்திலேயே கடை வேலை வர வேண்டும். அதுவும் "கணக்குப் பொறுப்பு" என்று மொட்டையாக அல்ல. "மாத முடிவில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தயாரித்தேன், கடன் வாடிக்கையாளர்களின் நிலுவைப் பட்டியலை வாராவாரம் புதுப்பித்து முதலாளிக்குக் கொடுத்தேன்" என்று, செய்ததைச் செய்தபடி. சனசமூக நிலையம் கடைசியில் ஒரு வரியாக இருந்தால் போதும். என்.ஜி.ஓ.வுக்கு இதைத் தலைகீழாக்க வேண்டும். பொருளாளர் பொறுப்பு மேலே வரும். கூட்டம் கூட்டியது, அங்கத்தவர்களிடம் சந்தா சேர்த்தது, வருடப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்தது எல்லாம் அங்கே அனுபவம்தான். லைசென்ஸும் சிங்களமும் முதல் பக்கத்துக்கு ஏற வேண்டும். சிங்களத்தை எந்த அளவுக்கு என்பதையும் உள்ளபடி எழுத வேண்டும்: "பேசுவேன், எழுத வாசிக்கப் பழகுகிறேன்."

இந்த மாற்றத்தைக் கடையில் செய்வதென்றால் ஒவ்வொரு தடவையும் போய், இருந்து, காசு கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி அடிப்பிக்க வேண்டும். என் கோப்பைத் தேடிப் போனபோது கடைக்கார அண்ணை, "தங்கச்சி, அது அழிபட்டுட்டுது, திரும்ப அடிக்கத்தான் வேணும்" என்றார். அழிந்தது ஒருவகையில் நல்லதுதான். அழியாமல் இருந்தால் என்னுடைய அடையாள அட்டை இலக்கமும், வீட்டு முகவரியும், எனக்குச் சிபாரிசு சொல்ல ஒத்துக்கொண்ட விரிவுரையாளருடைய போன் நம்பரும் பலர் வந்துபோகிற கடைக் கம்பியூட்டரில் கிடந்திருக்கும்.

கன்வாவில் கோப்பு உங்களிடம் இருக்கும், அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிப் பெட்டி. அனுபவத்தில் இரண்டு வரி கூட்டினால் கீழே உள்ள கல்விப் பெட்டியின் மேல் அது ஏறும். கல்வியை இறக்கினால் அடுத்தது இடிக்கும். கடைசியில் இடம் போதவில்லை என்று, எழுத வேண்டிய வரியையே வெட்டிவிடுவோம். வேலைக்கு வேண்டியதை வடிவத்துக்காக விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. நான் கன்வாவைக் கைவிட்டது அந்த இடத்தில்தான்.

வேர்ட்டில் வரியைக் கூட்டினால் மிச்சமெல்லாம் தானாகக் கீழே நகரும். பகுதியை வெட்டி மேலே ஒட்டினால் முடிந்தது. நான் வைத்திருப்பது ஒரு தாய்க் கோப்பு. படித்தது, செய்தது, பழகியது எல்லாம் அதற்குள் கிடக்கும், நீளத்தைப் பற்றிக் கவலையில்லை. அதை யாருக்கும் அனுப்புவதில்லை. விளம்பரம் வந்தால் அதில் ஒரு பிரதி எடுத்து, வேண்டாததை அழித்து, வேண்டியதை மேலே ஏற்றி, இரண்டு பக்கத்துக்குக் கொண்டுவந்து, பெயரும் பதவியும் போட்டுச் சேமிப்பேன். புதிதாக ஒரு பயிற்சி முடித்தால் அன்றைக்கே தாய்க் கோப்பில் ஒரு வரி.

இப்படி வைத்திருக்கச் சில பழக்கம் வேண்டும். தலைப்புகளுக்கு வேர்ட்டில் உள்ள ஹெடிங் ஸ்டைலையே பாவியுங்கள், பிறகு எழுத்தளவை மாற்ற நினைத்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். திகதிகளை வலப்பக்கம் ஒதுக்க ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள், வரியை வலது ஓரத்தில் நிறுத்துகிற வலது டாப் ஒன்று வையுங்கள். எழுத்துருவை மாற்றினாலும் திகதி அசையாது. பெயரை அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள். சான்றிதழில் ஒரு விதம், அட்டையில் இன்னொரு விதம் என்று நம்மில் பலருக்கு இருக்கிறது. நேர்முகத்துக்குப் போய் இருந்து அதை விளக்குவது சங்கடம்.

வேர்ட்டின் குறை, பார்க்கச் சாதாரணமாக இருக்கும் என்பது. அதை நான் மறுக்கவில்லை. நல்ல இடைவெளியும் ஒரே எழுத்துருவும் இருந்தால் கணக்கு, நிர்வாகம், வெளிக்கள வேலைகளுக்கு அதுவே போதும். லப்டொப் இல்லாதவர்கள் போனில் கூகுள் டொக்ஸில் இதே வேலையைச் செய்யலாம். காசு இல்லை, நேரே பி.டி.எப்.பாக எடுக்கலாம், வேர்ட் கோப்பாகவும் எடுக்கலாம். இரண்டாவது ஏன் முக்கியம் என்றால், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் முகவர்கள் சிலர் தங்கள் தலைப்பைப் போட்டு அனுப்புவதற்காக வேர்ட் கோப்பே கேட்பார்கள். கேட்ட அன்றைக்கே அனுப்பிவிடலாம்.