இரும்பு மூடியா, ரப்பர் மூடியா?

திருகோணமலையில் கொட்பேப் பக்க ஐஸ் கம்பனிகளில் பம்ப் மோட்டருக்குப் பெயாரிங் மாற்றும்போது, இரும்பு மூடி உள்ள இசட்இசட் (ZZ) போடுவதா, ரப்பர் மூடி உள்ள டூஆர்எஸ் (2RS) போடுவதா என்று கேட்பார்கள். பெயாரிங்கின் அளவு எண் 6205 என்றால் இரண்டுக்கும் உள்விட்டம் 25 மில்லிமீற்றர்தான், வித்தியாசம் மூடியில்.

இசட்இசட்டின் இரும்புத் தகடு உள்வளையத்தைத் தொடாது. உராய்வு குறைவு, சூடும் குறைவு. ஆனால் அந்த மயிரிழை இடைவெளியால் உப்புக்காற்றின் ஈரம் உள்ளே இறங்கிவிடும். கழற்றிய ஒன்றைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன்: கரகரவென்றது, கிரீஸ் செம்மண் நிறம்.

டூஆர்எஸ்ஸின் ரப்பர் உதடு வளையத்தோடு ஒட்டியே நிற்கும். கடற்கரைக்கு நான் அதையேதான் போடுவேன். சாதாரண ரப்பர் சுமார் 100 பாகை செல்சியசுக்கு மேல் தாங்காது. கொதிகலன் பக்க விசிறிக்கு இசட்இசட்.

இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், தயவுசெய்து. உள்ளே போட்டு வந்த கிரீஸ் கரைந்துவிடும். திரும்ப ஒழுங்காக நிரப்ப வழியில்லை.