பால் விலை 5 ரூபாய் இறங்கினால் எந்தக் கொட்டகை தாங்கும்?

போன மாதம் ஆவின் பால் சொசைட்டி வாசலில் கேனோடு நிற்கும்போது பெரியப்பா மகன் அண்ணன் கேட்டார்: "பேங்க்ல லோன் தர்றேங்கிறாங்க. பத்து மாடா ஏத்திடலாமா? இல்ல, இருக்கிற நாலையும் வித்துட்டு பேசாம இருந்துடலாமா?" இந்த இரண்டைத் தவிர வேறு வழியே கிடையாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்ட மாதிரி இருந்தது. குடமுருட்டிக் கரையில் எங்கள் தெருவில் மட்டுமில்லை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் உறவுக்காரர் வீடுகளுக்குப் போனாலும் இதே பேச்சுதான்.

அண்ணனிடம் அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் ஒரே கேள்வியால் அதைச் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். பால் லிட்டருக்கு 5 ரூபாய் இறங்கி, அதே மாதம் தீவன மூட்டை 200 ரூபாய் ஏறினால், மாட்டை விற்காமல் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கலாம்?

இதை வீண் பயம் என்று தள்ள முடியாது. 2023 கடைசியில் மகாராஷ்டிரத்தில் பசும்பால் விலை சரிந்து, அரசாங்கமே லிட்டருக்கு 5 ரூபாய் மானியம் கொடுக்க வேண்டி வந்தது. மீந்த பால் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாறுகிறது. பவுடர் விலை விழுந்தால் அது எங்கோ வடக்கே விழுந்ததாக இருந்தாலும் நம் தெருவுக்கு வரும் வண்டிக்காரரின் விலையில் தெரிந்துவிடும். தீவனத்தின் கதையும் அதுதான். மாட்டுக்கும் கோழிக்கும் போன மக்காச்சோளத்தை இப்போது எத்தனால் ஆலைகளும் கேட்கின்றன. 2023 ஜூலையில் எண்ணெய் எடுத்த தவிட்டின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டதே தீவன விலை ஏறிக்கொண்டிருந்ததால்தான். இதற்கு மேல் வெளிநாட்டு ஒப்பந்தங்கள். 2019 நவம்பரில் ஆர்சிஇபி என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வணிக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதற்குப் பால் விவசாயிகளின் எதிர்ப்பு ஒரு முக்கியக் காரணம். 2022-ல் ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தத்திலும் பால் பொருட்களைச் சேர்க்கவில்லை. இதுவரை காத்தார்கள், இனியும் காப்பார்கள் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையை மட்டும் வைத்துக் கடன் வாங்க மாட்டேன்.

சொசைட்டியா, தனியார் வண்டியா

ஆவின் சங்கத்தில் விலை மெதுவாக ஏறும், இறங்காது. பசும்பாலுக்கு 2019 ஆகஸ்டில் 28-லிருந்து 32 ரூபாய் ஆனது. அடுத்த உயர்வுக்கு 2022 நவம்பர் வரை காத்திருந்தோம், 35 ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38. நடுவில் மூன்று வருடம் ஒரே விலை. அந்த மூன்று வருடமும் புண்ணாக்கு விலை நமக்காகக் காத்திருக்கவில்லை. இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். ஊக்கத்தொகை அரசாங்கம் கொடுக்கும்வரைதான், அடிப்படை விலை போல அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. கொழுப்பும் எஸ்என்எப்பும் (கொழுப்பு தவிர்த்த மற்ற சத்துகள்) குறைந்தால் கைக்கு வருவதும் அந்த அளவுக்குக் குறையும்.

தனியார் வண்டி வீட்டு வாசலுக்கே வருகிறது. கோடையில் பால் தட்டுப்பாடு வந்தால் சொசைட்டியைவிட இரண்டு, மூன்று ரூபாய் கூடவும் கொடுப்பார்கள். அவசரத்துக்கு முன்பணமும் கிடைக்கும். என் மாமியார் வீட்டில் இப்படி முன்பணம் வாங்கியிருந்த சமயத்தில் விலையைக் குறைத்தார்கள். கடன் தீராமல் வேறு இடத்துக்குப் பாலை மாற்ற முடியவில்லை. ஐந்து மாதம் சொன்ன விலைக்குத்தான் ஊற்றினார்கள்.

என் சோதனையில் இந்த இரண்டில் சொசைட்டிதான் தேறுகிறது. 5 ரூபாய் சரிவு வருவது பெரும்பாலும் தனியார் பக்கம்தான். அதற்காக வண்டியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் வாங்க வரும் ஊரில்தான் இருவருமே ஒழுங்காக விலை கொடுப்பார்கள். ஆனால் சொசைட்டி உறுப்பினராக இருந்து, வருடம் முழுக்கக் கொஞ்சமாவது ஊற்றி, அந்தக் கணக்கை உயிரோடு வைத்திருக்க வேண்டும். வண்டி நின்றுபோன பிறகு ஓடி வருபவரைச் சொசைட்டியில் கடைசி ஆளாகத்தான் பார்ப்பார்கள்.

கும்பகோணத்துக்கு நேரே கொண்டுபோனால்?

காபிக்குப் பேர் போன ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. டிகிரி, அதாவது பாலின் அடர்த்தி, பார்த்து வாங்கும் கடைக்காரருக்குத் தண்ணீர் கலக்காத பசும்பாலின் அருமை தெரியும். வீடுகளுக்கு ஊற்றினால் லிட்டர் 55, 60 வரை கிடைக்கும். திருநாகேஸ்வரம் ராகு கோயில் அபிஷேகத்துக்குத் தினமும் பால் வேண்டும். 2028-ல் மகாமகம் வருகிறது, அந்த நாட்களில் கும்பகோணத்தில் எவ்வளவு பால் இருந்தாலும் போதாது.

விலையை மட்டும் பார்த்தால் இதுதான் ராஜபாட்டை. 5 ரூபாய் இறங்கினாலும் சொசைட்டிக்கு ஊற்றுபவரைவிட மேலே நிற்கலாம். சிக்கல் விலையில் இல்லை, தொடர்ச்சியில்தான். கறந்த பால் குளிரூட்டாமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. காபிக் கடைக்கு 365 நாளும் பால் வேண்டும். மாடோ கன்று போடுவதற்கு முன்னால் இரண்டு மாதம் பால் மறக்கும், அதற்கு முந்தைய மாதங்களில் வத்தக்கறவை. இரண்டு மாடு வைத்திருப்பவர் கடைக்கு வாக்குக் கொடுத்தால், வருடத்தில் சில மாதம் வாக்குத் தவறுவார் என்று எழுதியே வைத்துவிடலாம். நான்கு மாடுகளாவது வெவ்வேறு மாதத்தில் ஈனும்படி சினை ஊசி போட்டுத் திட்டமிட்டால்தான் இது ஓடும். பெண்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே வீதிக்கு ஊற்றினால் இன்னும் நல்லது, ஒருத்தி மாடு வற்றினாலும் இன்னொருத்தி மாடு கறக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். நம்மைப் போல் சின்ன அளவில் விற்பவருக்குக் கட்டணம் கொஞ்சம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

நெய் காய்ச்சி விற்கலாமே என்று பட்டணத்துப் பிள்ளைகள் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். 4.3 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்கச் சேதாரம் சேர்த்து 25 லிட்டர் பக்கம் வேண்டும். 38 ரூபாய்க்கு 950 ரூபாய்ப் பால். கடை நெய் கிலோ 700 பக்கம் விற்கும்போது, மோரையும் விற்று முடித்தால்தான் முதலே திரும்பும். தெருவில் மோர் வாங்க ஆள் இல்லையென்றால் நெய்யை மறந்துவிடுங்கள். தயிர் அப்படியில்லை. பாலில் ஒரு சொட்டும் வீணாவதில்லை, மீந்த மாலைப் பாலை மறுநாள் காசாக்கும் நல்ல வழி அது.

பத்து மாடா, நாலு மாடா

இப்போது அண்ணன் கேள்வி. நாள் 10 லிட்டர் கறக்கும் கலப்பின ஜெர்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லிட்டர் 38 என்றால் 380 ரூபாய். உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ என்ற வழக்கமான கணக்குப்படி 5.5 கிலோ அடர்தீவனம், அதாவது கடை மூட்டைத் தீவனம், வேண்டும். 50 கிலோ மூட்டை 1,500 என்று வைத்தால் 165 ரூபாய். மீதி 215. வைக்கோல், மருந்து, ஆள்கூலி எல்லாம் இதற்குள்தான்.

இப்போது சோதனை. பாலில் 50 ரூபாய் போகிறது. தீவனம் கிலோவுக்கு 4 ரூபாய் ஏறி 22 ரூபாய் போகிறது. 215 என்பது 143 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு ஒரே மாதத்தில் காணாமல் போய்விட்டது.

பத்து மாட்டில் ஏழு கறக்கும் என்று வைத்தால் நாளைக்கு 504 ரூபாய் இழப்பு, மாதம் 15,000. அந்த 15,000 இல்லையென்று பேங்க் தவணையைக் குறைக்காது, கொட்டகை ஆளும் கூலியைக் குறைத்துக்கொள்ள மாட்டார். நாலு மாட்டில் மூன்று கறந்தால் இழப்பு மாதம் 6,500. அதுவும் வலிக்கும்தான். ஆனால் உழைப்பு வீட்டு ஆட்களுடையது, தவணை கிடையாது. அதனால் சொல்கிறேன்: சொந்தப் புல் இல்லாமல், கடனில் பத்து மாடு ஏற்றுவது இந்த மண்ணில் இப்போது வேண்டாம். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் பெரிய விலைக்குப் பால்மாடு வாங்கி வருவதைவிட, நம் கொட்டகையில் பிறந்த கிடாரிக் கன்றை நன்றாக வளர்ப்பது நிதானமான பெருக்கம். பெண் கன்றே பிறக்கும்படி பிரித்த விந்து ஊசி இப்போது கிடைக்கிறது, கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

காப்பீட்டை யாரும் தள்ளிப்போடாதீர்கள். கஜா புயலில், 2018 நவம்பர் 16 விடியலில், கொட்டகையோடு மாட்டைப் பறிகொடுத்தவர்கள் நம் மாவட்டங்களில் எத்தனை பேர்! தேசியக் கால்நடை இயக்கத்தில் பிரீமியத்தில் விவசாயி பங்கை 2024-ல் 15 சதவீதமாகக் குறைத்தார்கள்.

உம்பளாச்சேரி பற்றியும் ஒரு வார்த்தை. குட்டைக் காலும் நெற்றியில் வெள்ளைச் சுட்டியுமாக, சேற்றில் உழவென்றே பிறந்த நம் மாடு. டிராக்டர் வந்ததும் அதன் வேலை போய்விட்டது. பால் இரண்டு, மூன்று லிட்டர்தான். "ஏ2 பால் (நாட்டு மாட்டுப் பால்), லிட்டர் 100 ரூபாய்" என்ற பேச்சை நம்பி இதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, அந்த விலைக்கு வாங்குபவர் நம் ஊரில் எத்தனை பேர்? ஆனால் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் திறந்த மேய்ச்சல் உள்ளவருக்கு இதைப் போல் மாடு கிடையாது. மூட்டைத் தீவனம் கேட்காத மாட்டை மூட்டை விலை என்ன செய்யும்? கொருக்கை அரசுப் பண்ணையில் இந்த இனத்தைக் காப்பாற்றி வருகிறார்கள்.

மூட்டையா, புல்லா

என் மனதில் உள்ளது முழுக்க இதுதான். பால் விலை நம் கையில் இல்லை, பவுடர் விலை இல்லை, ஒப்பந்தம் இல்லை. மாட்டின் வாயில் போவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதையும் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

20 கிலோ புல்வகைத் தீவனம், அல்லது 6 முதல் 8 கிலோ பயறுவகைத் தீவனம், ஒரு கிலோ அடர்தீவனத்துக்கு ஈடாகும். அதே 10 லிட்டர் மாட்டுக்கு 20 கிலோ கோ-4 புல்லும், பயறுவகையான வேலிமசால் 7 கிலோவும் நறுக்கிப் போட்டால் அடர்தீவனத்தில் 2 கிலோ குறைக்கலாம். 5.5 என்பது 3.5 ஆகும், 105 ரூபாய். மீதி 275. இப்போது சோதனையைப் போடுங்கள். பால் 330, தீவனம் 119, மீதி 211. மூட்டையை மட்டும் நம்பியவர் நல்ல காலத்தில் 215-ல் நின்றாரே, கிட்டத்தட்ட அதே இடத்தில் புல் வைத்திருப்பவர் கெட்ட காலத்தில் நிற்கிறார். இந்தக் கணக்கை முதல்முறை போட்டபோது தப்போ என்று மூன்று தடவை சரிபார்த்தேன்.

புல்லும் சும்மா வராது. வெட்டுக்கூலி, தண்ணீர், எரு எல்லாம் உண்டு. ஆனால் மூன்று கறவைக்கு நாள் 180 ரூபாய் மூட்டைச் செலவு குறைந்தால் வருடத்துக்கு 65,000 ரூபாய்க்கு மேல். கோ-4 நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு வருடம் 150 டன் வரை கொடுக்கும். நம் கையில் அதில் பாதி வரும் என்றே வையுங்கள். வேலிமசாலையும் சேர்த்து மாட்டுக்கு 20 சென்ட் ஒதுக்கினால் போதும்.

அந்த 20 சென்டை எங்கே ஒதுக்குவது என்பதுதான் டெல்டாக்காரன் கேள்வி. கோ-4, வேலிமசால் இரண்டுமே ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கட்டி நிற்கும் வயலைத் தாங்காது. படுகை, மேட்டுக்கொல்லை, தென்னந்தோப்பின் இடைவெளி, இவைதான் அதற்கு இடம். பள்ளத்தில் நீர்ப்புல் வரும். வரப்பில் அகத்தி. சம்பாவுக்குப் பின் உளுந்து தெளிப்பவர்கள் உளுந்துக் கொடியைக் களத்திலேயே விட்டுவிடாமல் சேர்த்து வையுங்கள், மாடு போட்டி போட்டுத் தின்னும்.

வைக்கோலில்தான் நாம் பெரிய தப்புச் செய்கிறோம். தை, மாசியில் மிஷின் அறுத்துப்போட்டதைக் கட்டாகக் கட்டி லாரி லாரியாகக் கேரளாவுக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் ஏற்றுகிறோம். ஐப்பசி மழையில் ஒரு கட்டுக்கு அலைகிறோம். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காமல் 2024 போல ஜூலை கடைசிக்குத் தள்ளிப்போனால், குறுவை வைக்கோலையும் நம்ப முடியாது. கிசான் கடன் அட்டை கால்நடைக்கும் உண்டு, 2025 ஜனவரி முதல் அடமானம் இல்லாமல் 2 லட்சம் வரை கிடைக்கும். அந்தக் கடனில் ஐந்தாவது மாடு வாங்குவதைவிடத் தை மாத வைக்கோல் வாங்கிப் போர் போடுவது நல்ல முதலீடு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் சத்தும் கூடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு மட்டும் அதைப் போடக்கூடாது. மாட்டுக்கு நார்த்தீனி குறையாமல் இருந்தால் பாலில் கொழுப்பும் குறையாது, சொசைட்டி மெஷின் காட்டும் எண்ணிலும் அது தெரியும்.

நிலமே இல்லாதவர்கள்? எங்கள் அத்தை இரண்டு மாடு வைத்திருக்கிறார், ஒரு சென்ட் கிடையாது. அடுத்தவர் வரப்பில் அறுத்த புல்தான் முதல். களைக்கொல்லி அடிக்கும் பழக்கம் பரவப் பரவ அந்தப் புல்லும் குறைகிறது. அவருக்கு நான் மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாது. எங்கள் ஊரில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் பொதுநிலம் ஒன்று இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து, நிலமில்லாத உறுப்பினர்களுக்கு ஆளுக்குப் பத்து சென்ட் புல் போட விடுங்கள் என்று சொசைட்டி மூலமாகக் கிராமசபையில் மனுக் கொடுக்கப் போகிறோம். முதல் கையெழுத்து அத்தையுடையது. கோ-4 கரணை அண்ணன் கொல்லையில் வெட்டுக்கு வந்துவிட்டது. பத்து மாட்டுப் பேச்சை அவர் இந்த வருடத்துக்கு ஒத்திப்போட்டிருக்கிறார்.